மகளுக்குப் போகும் ஐந்து பவுன்

சோமனூரில் தறி ஓயாது. பகலிலும் ஓடும்; இரவிலும் ஓடும். தறிச் சத்தம் நின்றால்தான் அந்த ஊர்க்காரர்களுக்குத் தூக்கம் கலையும்!

அங்கே ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு தறி. அப்பாவும் அம்மாவும் மாறி மாறி ஓட்டுகிறார்கள். ஒரே மகள். கட்டிக் கொடுத்துச் சிங்கப்பூருக்கு அனுப்பியாகிவிட்டது. ஒரு நாள் விடியற்காலையில் டெலிபோன் வருகிறது.

"அம்மா, உங்களுக்குப் பேத்தி பொறந்திருக்கா!"

தாய்க்குத் தலைகால் புரியவில்லை. குழந்தைக்குச் சீர் செய்ய வேண்டுமே! இரண்டு காப்பு, ஒரு சங்கிலி. மகளுக்கு ஒரு ஜோடி வளையல். எல்லாம் சேர்த்து ஐந்து பவுன். அதாவது 40 கிராம். நகை தயார். ஆனால் கடல் தாண்டி எப்படி அனுப்புவது?

பக்கத்து வீட்டுக்காரி உடனே யோசனை சொல்கிறாள்.

"இதுக்கு ஏனுங்க்கா இத்தனை ரோசனை? துணிக்குள்ள சுருட்டிப் பார்சல்ல போட்டுடுங்க. மேல கவரிங்னு எழுதிட்டாப் போச்சு!"

இந்த வீடு கற்பனை. ஆனால் இந்த யோசனை கற்பனை அல்ல. மகனையோ மகளையோ அயல்நாட்டுக்கு அனுப்பிய வீடுகளில் எங்கும் கேட்கிற யோசனைதான். இதைவிடக் கெட்ட யோசனை வேறு கிடையாது. ஏன் என்று பார்ப்போம்.

எத்தனை நாள் உழைப்பு!

2025ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சென்னையில் ஒரு பவுன் ஆபரணத் தங்கத்தின் விலை லட்ச ரூபாயைத் தாண்டியது. அந்த விலையில் ஐந்து பவுன் என்றால் ஐந்து லட்சம்.

சோமனூரில் ஐந்து லட்சம் எப்படிச் சேருகிறது? பெரும்பாலான தறிக்காரர்கள் சொந்தமாகத் துணி விற்பவர்கள் அல்ல. ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவும் நூலும் வாங்கி வருகிறார்கள். துணியாக நெய்து கொடுத்து, மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிறார்கள். அந்தக் கூலியும் லேசில் கிடைப்பதில்லை. "சோமனூர் ரகம்" என்றும் "பல்லடம் ரகம்" என்றும் பிரித்து, அதிகாரிகள் முன்னிலையில் உட்கார்ந்து பேசி முடிக்கிற கூலி அது. பேச்சு முறிந்தால் தறி நிற்கும். 2022லும், மறுபடி 2025லும் வாரக்கணக்கில் தறிகளை நிறுத்திப் போராடினார்கள்.

இப்படிச் சேர்ந்த பணம்தான் அந்த வளையலிலும் சங்கிலியிலும் இருக்கிறது. அதைத்தான் "கவரிங்" என்று எழுதச் சொல்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி!

துணிக்குத் தெரிந்த கணக்கு

தீர்வை என்ற சொல் இந்த வட்டாரத்துக்குப் புதிது அல்ல. 2025 ஆகஸ்டு 27ஆம் தேதி முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீதம் தீர்வை போட்டபோது, திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளியிலிருந்து சோமனூர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர் வரை எல்லோரும் அதையே பேசினார்கள். சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறதோ, அந்த நாடு வரி கேட்கும். இது துணி விஷயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நகை விஷயத்தில் மட்டும் பலருக்கு ஒரு நினைப்பு: "நான் விற்கவில்லையே! என் மகளுக்குத்தானே கொடுக்கிறேன்?"

சுங்கச் சாவடி உறவு பார்ப்பதில்லை. சீராக இருந்தாலும், தாத்தா கொடுத்த பரிசாக இருந்தாலும், எல்லையைத் தாண்டும்போது அது விலையுள்ள ஒரு சாமான். பரிசுக்கு என்று ஒவ்வொரு நாடும் கொஞ்சம் விலக்குத் தருகிறது. அந்த விலக்கு நகையளவுக்கு வராது.

சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். அங்கே நகைக்குச் சுங்கத் தீர்வை இல்லை. ஆனால் சரக்கு சேவை வரி உண்டு. 2024 ஜனவரி முதல் அது 9 சதவீதம். விமானத்திலோ தபாலிலோ வரும் பார்சலின் மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டினால், வந்து இறங்கும்போதே அந்த வரியைக் கட்ட வேண்டும். நம் தாய் அனுப்பும் நகை 7,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், வரி 630 வெள்ளி. பார்சல் கூலியையும் இன்ஷ்யூரன்ஸ் கட்டணத்தையும் மதிப்போடு கூட்டித்தான் வரி போடுவார்கள். ஆகவே இன்னும் கொஞ்சம் கூடும்.

பிரிட்டனில் இருக்கும் மகளுக்கு அனுப்பினால்? அங்கே பரிசுப் பார்சலுக்கு விலக்கு 39 பவுண்டு வரைதான். அதற்கு மேல் போனால் 20 சதவீதம் மதிப்புக் கூட்டு வரி. 135 பவுண்டுக்கு மேல் சுங்கத் தீர்வையும் சேரும். வரியை வசூலித்துக் கொடுப்பதற்கு என்று தபால்காரர்களும் கூரியர்காரர்களும் ஒரு கட்டணம் வாங்குவார்கள்.

பணத்தைக் கட்டுவது யார்? வாங்கிக்கொள்ளும் மகள்! பிள்ளை பெற்ற வீட்டில், கையில் குழந்தையோடு, "இவ்வளவு கட்டினால்தான் பார்சல்" என்ற கடிதத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். முன்கூட்டியே சொல்லாமல் அனுப்பும் சீர் இப்படித்தான் போய்ச் சேரும்.

"கவரிங்" என்று எழுதினால்?

வரியைத் தப்பிக்கத்தான் அந்தப் பொய். அந்தப் பொய் என்ன செய்கிறது?

பார்சல் காணாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தாய் ஓடிப் போய் நஷ்டஈடு கேட்கிறாள். "சாமான் என்ன? கவரிங். விலை? ஆயிரம் ரூபாய்." அவள் கையெழுத்தே அங்கே இருக்கிறது. எழுதிக் கொடுத்த மதிப்புக்கு மேல் யாரும் ஒரு காசு தரமாட்டார்கள். உண்மையை மறைத்ததற்காக அந்த ஆயிரத்தையும் மறுத்துவிடலாம். இன்ஷ்யூரன்ஸ் சட்டத்தின் அடிப்படையே அதுதான். 1963ஆம் ஆண்டில் நம் நாட்டில் வந்த கடல்வழிக் காப்பீட்டுச் சட்டம், இரு தரப்பும் ஒன்றையும் மறைக்கக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது.

பார்சல் காணாமல் போகாமல் பிடிபட்டால்? அது இன்னும் மோசம். 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி, மதிப்பை மாற்றி எழுதிய சரக்கைப் பறிமுதல் செய்ய அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. அபராதமும் போடலாம். போய் இறங்கும் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. இங்கே எழுதிய பொய்க்கு அங்கே பதில் சொல்ல வேண்டியவள் மகள். அவள் அந்த நாட்டில் வேலை அனுமதியில் இருப்பவள். பக்கத்து வீட்டுக்காரி அப்போது சோமனூரில்தான் இருப்பாள்!

எக்ஸ்ரே இயந்திரத்துக்கு முன்னால் துணிக்குள் சுருட்டுவதெல்லாம் வேலைக்கு ஆகாது. தங்கம் கனமான உலோகம். படத்தில் கறுப்பாகத் தெரியும்.

மூன்று ஷில்லிங் வைரம்

"பெரிய பெரிய வைரமே தபாலில் போயிருக்கிறதே!" என்று கேட்பவர்கள் உண்டு. போயிருக்கிறது. அந்தக் கதைகள் சுவையானவை.

1905ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் ஒரு சுரங்கத்தில் 3,106 காரட் எடையுள்ள வைரக்கல் கிடைத்தது. அரைக் கிலோவுக்கு மேல்! அதற்குக் கல்லினன் என்று பெயர் வைத்தார்கள். அதை லண்டனுக்கு அனுப்ப வேண்டும். கப்பலில் துப்பறியும் ஆட்களோடு ஒரு பெட்டி ஏறியது. கப்பல் தலைவரின் இரும்புப் பெட்டியில் வைத்துக் காவல் காத்தார்கள். ஊரெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குள் இருந்தது போலிக் கல்! உண்மையான கல், சாதாரணப் பெட்டியில், மூன்று ஷில்லிங் செலவில், ரிஜிஸ்தர் தபாலில் லண்டன் போய்ச் சேர்ந்தது.

இன்னொன்று ஹோப் வைரம். நீல நிறம். நம் கோல்கொண்டாப் பகுதியில் வெட்டியெடுத்தது. 1958 நவம்பரில் நியூயார்க் நகை வியாபாரி ஹாரி வின்ஸ்டன் அதை வாஷிங்டன் ஸ்மித்சோனியன் காட்சிச் சாலைக்கு நன்கொடையாகக் கொடுத்தார். எப்படி அனுப்பினார் தெரியுமா? பழுப்புக் காகிதத்தில் சுற்றி, ரிஜிஸ்தர் தபாலில்! ஒரு தபால்காரர் கொண்டு போய்க் கொடுத்தார்.

இந்த இடத்தில்தான் கவனிக்க வேண்டும். வின்ஸ்டன் தபால் நிலையத்தில் கட்டிய தொகை 145 டாலர் 29 சென்ட். அதில் தபால் கட்டணம் 2 டாலர் 44 சென்ட் மட்டும். மீதி 142 டாலர் 85 சென்டும் பத்து லட்சம் டாலருக்கு இன்ஷ்யூர் செய்த கட்டணம்! பெட்டிதான் எளிமை. காகிதத்தில் எழுதிய மதிப்பு எளிமை அல்ல. அதோடு, நியூயார்க்குக்கும் வாஷிங்டனுக்கும் நடுவில் சுங்கச் சாவடி கிடையாது. சோமனூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் இரண்டு இருக்கின்றன.

தபால் சட்டம் சொல்வது

உலகத் தபால் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. 1874இல் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரில் அதன் தலைமை நிலையம். ஒரு நாட்டுத் தபால் மறு நாட்டில் செல்லுபடியாவது அந்தச் சங்கத்தின் ஒப்பந்தத்தால்தான். நகை, தங்கம், வெள்ளி, ரத்தினம், ரூபாய் நோட்டு ஆகியவற்றை இன்ஷ்யூர் செய்யாத கடிதத் தபாலில் வைக்கக் கூடாது என்பது அந்த ஒப்பந்த விதி. ஆகவே துணிக்குள் சுருட்டி உறையில் வைப்பது, பொய் எழுதாவிட்டாலும், விதிக்கு விரோதம். இன்ஷ்யூர் தபாலை எல்லா நாடுகளும் ஏற்பதில்லை. எந்த நாடு ஏற்கிறது, எவ்வளவு ரூபாய் வரை என்பதை நம் தபால் நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். கேட்ட பிறகுதான் பார்சல் கட்ட வேண்டும்.

தனியார் கூரியர்? நகையை வாங்கவே மாட்டோம் என்று சொல்லும் கம்பெனிகள் இருக்கின்றன. வாங்கினாலும் ஒரு தொகைக்கு மேல் பொறுப்பில்லை என்று ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அடித்திருப்பார்கள். அந்தப் பொடி எழுத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

பார்சல் போகும் வழி திடீரென்று அடைபடுவதும் உண்டு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா சிறு பார்சல்களுக்குக் கொடுத்திருந்த தீர்வை விலக்கை எடுத்தது. தீர்வையை யார் வசூலிப்பது என்ற குழப்பத்தில், இந்தியத் தபால் இலாகா ஆகஸ்டு 25 முதல் அமெரிக்கப் பார்சல்களையே நிறுத்தி வைத்தது. அக்டோபர் 15இல்தான் மறுபடி வழி திறந்தது.

பெட்டியில் வைத்தால் போதுமா?

சரி, பார்சல் வேண்டாம். தாயே விமானம் ஏறுகிறாள். நகையைப் பெரிய பெட்டியில் வைத்துப் பூட்டி, கவுண்டரில் போட்டுவிடுகிறாள். பெட்டி வந்து சேரவில்லை என்றால் என்ன ஆகும்?

விமானக் கம்பெனிகளின் பொறுப்பை வரையறுப்பது 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தம். பெட்டி தொலைந்தால் ஒரு பயணிக்குக் கிடைக்கக் கூடிய அதிகபட்சத் தொகைக்கு அதில் ஒரு வரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் அந்த வரம்பு 1,519 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதி நிறுவனத்தின் கணக்குப் பணம். நம் பணத்தில் ஏறத்தாழ இரண்டு லட்சத்துக்குள் வரும். ஐந்து லட்சம் ரூபாய் நகைக்கு அதுவே உச்சம்! அதற்கும், பெட்டியில் நகை வைக்காதீர்கள் என்று முன்பே எழுதியிருக்கிறோமே என்று கம்பெனி வாதாடும்.

சரக்காக அனுப்பினால் கணக்கு இன்னும் வேடிக்கை. கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். அதாவது ஏறத்தாழ மூவாயிரம் ரூபாய். தங்கமும் ஒரே விலை, தகரமும் ஒரே விலை! மதிப்பைத் தனியாக எழுதிக் கொடுத்து, அதற்கான கூடுதல் கட்டணத்தைக் கட்டியிருந்தால்தான் இந்த வரம்பு விலகும்.

இது ஏழை எளியவர்களுக்கு மட்டும் நேரும் சங்கடம் அல்ல. 2023 ஏப்ரல் 17ஆம் தேதி சுவிட்சர்லாந்திலிருந்து கனடாவின் டொரன்டோ விமான நிலையத்துக்கு 400 கிலோ தங்கம் வந்து இறங்கியது. மொத்தம் 6,600 கட்டிகள். இரண்டு கோடி கனடா டாலர் மதிப்பு. ஒரு ஆள் லாரியோடு வந்தான். போலி ரசீதை நீட்டினான். ஏற்றிக்கொண்டு போய்விட்டான்! தங்கத்தை அனுப்பும் பொறுப்பை ஏற்றிருந்த பிரிங்க்ஸ் கம்பெனி, ஏர் கனடா விமானக் கம்பெனி மீது வழக்குப் போட்டது. விமானக் கம்பெனி சொன்ன பதில் என்ன? "மதிப்பைத் தனியாக எழுதிக் கொடுக்கவில்லையே!" பணம் கொண்டுபோவதையே தொழிலாக வைத்திருக்கும் உலகப் பெரிய கம்பெனிக்கே இந்தப் பதில் என்றால், தறிக்காரத் தாய்க்கு வேறு பதிலா கிடைக்கும்?

கையோடு கொண்டு போகலாம்

ஐந்து பவுனுக்குச் சரியான வழி, தாயே கையோடு கொண்டு போவது. போய்ச் சேர்ந்ததும் சிவப்பு வழியில் நின்று, "இது மகளுக்குக் கொண்டு வந்த புது நகை" என்று சொல்லிவிட வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் சிங்கப்பூருக்கு வெளியே இருந்து வருகிற பயணிக்கு 500 வெள்ளி வரை வரி விலக்கு உண்டு. மீதிக்கு 9 சதவீதம் கட்டினால் காரியம் முடிந்தது. மாப்பிள்ளை அந்தப் பணத்தோடு வெளியே காத்திருக்கலாம்.

"தெரிந்த பையன் போகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன்" என்பது அடுத்த தவறு. அடுத்தவர் நகையைச் சுமந்து போகிறவனைச் சுங்க அதிகாரி பயணியாகப் பார்க்கமாட்டார், குருவியாகப் பார்ப்பார். பையனுக்கும் கெடுதல், நகைக்கும் கெடுதல்.

ஆனால் தாய் மறந்துபோகும் விஷயம் ஒன்று இருக்கிறது. மகளுக்குக் கொண்டு போகும் நகை சரி. அவள் கழுத்திலும் கையிலும் கிடக்கும் சொந்த நகை? தாலிக்கொடி, வளையல், தோடு என்று எட்டுப் பவுன் இருக்கலாம். பிரசவம் பார்க்கப் போனவள் மூன்று மாதத்தில் திரும்பி வருகிறாள். கோவை விமான நிலையத்தில் இறங்கும்போது, "இந்த நகை அங்கே வாங்கியதா?" என்று கேட்டால் என்ன சொல்வாள்?

ஓராண்டுக்கு மேல் அயல்நாட்டில் தங்கித் திரும்பும் பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் நகை வரை தீர்வை விலக்கு உண்டு. 2016ஆம் ஆண்டு விதியில் எடை வரம்போடு விலை வரம்பும் இருந்தது: பெண்ணுக்கு ஒரு லட்சம், ஆணுக்கு ஐம்பதாயிரம். பவுன் விற்ற விலையில் அந்த ஒரு லட்சம் எந்த மூலைக்கு? எப்படியானாலும் மூன்று மாதத்தில் திரும்பும் தாய்க்கு இந்தச் சலுகையே கிடையாது.

அவளைக் காப்பாற்றும் காகிதம் ஒன்று இருக்கிறது. ஏற்றுமதிச் சான்று என்று பெயர். புறப்படும் நாளில், விமானம் ஏறுவதற்கு முன்பு, விமான நிலையத்தில் உள்ள சுங்க அதிகாரியிடம் நகையைக் காட்ட வேண்டும். அவர் எடையையும் விவரத்தையும் எழுதி முத்திரையிட்டுக் கொடுப்பார். திரும்பி வரும்போது அதைக் காட்டினால் தீர்வை இல்லை. கடை ரசீதைக் கையில் வைத்திருந்தால் வேலை சுலபம். 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகைகளில் ஆறு எழுத்து எண்கள் கொண்ட அடையாளக் குறி ஒன்றைப் பொறிக்கிறார்கள். ரசீதில் அந்தக் குறியும் இருக்கும்படி பார்த்து வாங்கினால், இதுதான் அந்த வளையல் என்று சந்தேகமில்லாமல் காட்டிவிடலாம். பழைய நகைக்கு ரசீது ஏது? மதிப்பீட்டாளரிடம் எடை போட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். போட்டோவும் எடுத்துக்கொள்ளலாம்.

தாலிக்கொடி வழக்கு

சான்றும் ரசீதும் இல்லாவிட்டால் என்ன பாடு என்பதற்குச் சென்னையிலேயே ஒரு வழக்கு உண்டு. 2023 டிசம்பர் இறுதியில், இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருவர் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கினார். புதிதாகக் கல்யாணம் ஆனவர். கழுத்தில் பதினொரு பவுன் தாலிக்கொடி. சுங்க அதிகாரிகள் அதைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பெட்டியில் கொண்டுவரும் சாமானுக்கான விதியை உடம்பில் அணிந்திருக்கும் நகைக்கு அப்படியே போட முடியாது என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்புச் சொன்னார். நகையைத் திருப்பிக் கொடுக்கவும் உத்தரவிட்டார். தீர்ப்பு வந்தது 2025இல். ஓராண்டுக்கு மேல் தாலிக்கொடி சுங்க இலாகாவின் பெட்டியில் கிடந்தது!

அயல்நாட்டு உறவினர்கள் கல்யாணத்துக்கு வரும்போது, சுங்கச் சட்டத்தின் 80ஆம் பிரிவு உதவும். கொண்டுவந்த நகையை ஒளிக்காமல் எழுதிக் காட்டினால், தீர்வை கட்ட விருப்பமில்லாத நகையைச் சுங்க அதிகாரியிடமே ஒப்படைத்து ரசீது வாங்கலாம். ஊருக்குத் திரும்பும் நாளில் பெற்றுக்கொள்ளலாம். சிங்கப்பூர் அத்தையும் மலேசிய மாமனும் இதைத் தெரிந்துகொண்டு வந்தால் விமான நிலையத்தில் அழுகை குறையும்.

கடத்தல்காரர்களைப் பிடிக்க வேண்டியது சுங்க இலாகாவின் கடமை. தங்கத் தீர்வையை 2024 ஜூலையில் 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்ததற்குச் சர்க்கார் சொன்ன காரணங்களில் கடத்தலும் ஒன்று. ஆனால் பேத்தியைப் பார்த்துவிட்டு வரும் பாட்டியையும் பசை உருட்டித் தங்கம் கடத்துகிறவனையும் ஒரே கண்ணால் பார்த்தால் எப்படி? அணியும் நகைக்கு எது விதி என்பதை நீதிமன்றம் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை இருக்கக் கூடாது. சட்டத்திலேயே தெளிவாக எழுத வேண்டும். ஏற்றுமதிச் சான்று வாங்கும் இடம் எது, என்ன காகிதம் வேண்டும் என்பதைக் கோவை விமான நிலையத்தின் வாசலிலேயே, எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும்படி, பெரிய தமிழ் எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் ஏஜெண்டுகள் வாய்வார்த்தையாகவே சொல்லலாம். சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் தபால் நிலையங்களிலும் ஒரு பலகை வைக்கலாம்: அயல்நாட்டுக்கு நகை அனுப்புமுன் இங்கே கேளுங்கள் என்று.

அந்தப் பலகை வரும்வரை நம் தாய் செய்ய வேண்டியது இதுதான். நகை ரசீதையும் போட்டோவையும் பாஸ்போர்ட்டோடு ஒரே உறையில் வைக்கட்டும். வரி எவ்வளவு வரும் என்று மகளிடம் முன்பே டெலிபோனில் சொல்லிவிடட்டும். புறப்படும் அன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே வீட்டைவிட்டுக் கிளம்பட்டும். தறியை அன்றைக்கு அப்பா பார்த்துக்கொள்வார்.